மொட்டுக்கு ஒரு மடிப் பை

மதுரை
பங்குனி 3

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. பொங்கல் போய், சிவராத்திரி போய், இதோ பங்குனியும் பிறந்துவிட்டது. கோபமாகத்தான் இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் பேரன் பிடுங்கிக்கொள்கிறான், பாதிப் பேச்சு அவனோடு முடிந்துவிடுகிறது. அதோடு, இது போனில் சொல்கிற விஷயமும் இல்லை.

தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி? மகனையும் மருமகளையும் கேட்டதாகச் சொல். சின்னவர் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் பேரில் 500 மொய் எழுதிவிட்டேன், வரும்போது கொடு. குண்டு வாத்தியார் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதே பல்லிக் கதையைச் சொன்னார். நீ இல்லாததால் நான் ஒருவனே சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சிக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, நான் ஒரு சாமான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மெஷின்மேல் போட்ட போர்வையை நான் எடுத்ததே இல்லை என்று உனக்குத் தெரியும். மார்கழியில் எடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்று சென்டில் அவள் வைத்திருக்கிற தோட்டத்தை நீ பார்த்திருக்கிறாய். அப்போது பத்துச் செடி இருந்திருக்கும். இப்போது மல்லி மட்டும் முப்பது தூர். ஓரத்தில் கனகாம்பரம், மரிக்கொழுந்து, கத்தரி, கொத்தவரை. வளையங்குளத்தில் பிறந்தவளுக்கு மல்லி வாசம் இல்லாமல் விடியாது. வாரத்தில் இரண்டு நாள் அவனியாபுரத்தில் பஸ் ஏறி, கூடப்பிறந்த அண்ணன் தோட்டத்துக்கும் போய் மொட்டெடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் அல்லவா, அன்றைக்குத் தன் வீட்டுப் பிள்ளை பரிட்சையில் தேறியது மாதிரி தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள்.

மார்கழியில் கவாத்து. முப்பது தூரையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காய்ந்த குச்சியை எல்லாம் கழித்து, வேரைச் சுற்றிக் கொத்திவிட்டு உள்ளே வந்தாள். இடுப்பில் பழைய சேலைத் துண்டில் மடி கட்டியிருந்தாள். கிளை வெட்டுகிற கத்தரி, கயிறு, களை, பறித்த கத்தரிக்காய் எல்லாம் அதற்குள்தான். மடியை அவிழ்த்ததும் பார்த்தேன். முடிச்சு அழுத்திய இடத்தில், இடது இடுப்புக்கு மேலே, கயிறு போட்டு இறுக்கியது மாதிரி செக்கச்செவேல் என்று ஒரு தடம். அதற்கு நடுவில் பழைய தழும்பு, காய்த்துப்போய் கறுத்திருந்தது. எத்தனை வருஷத்துத் தழும்போ தெரியவில்லை. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாப்ளே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் நீயும் நானும் முப்பது வருஷம் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கல்யானைக்குக் கரும்பு கொடுக்கிற தூணுக்குப் பக்கத்தில் என் மெஷின், அடுத்த தூணில் உன் மெஷின். எத்தனை சல்லடம், எத்தனை கச்சை, எத்தனை குல்லா! சித்திரை பிறந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு ராத்திரி பகலாக உடுப்புத் தைத்தேன். கோயில்களில் தொங்கவிடுகிற தொம்பை தைத்தேன். முன்பின் தெரியாதவன் தோளை எல்லாம் அளந்திருக்கிறேன். இவளுக்கு என் கையால் தலையணை உறையைத் தவிர எதுவும் தைத்ததில்லை. ஜாக்கெட்டெல்லாம் நீ தைத்தது. உன் நோட்டில் அவள் அளவு இருக்கும், என் நோட்டில் இல்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் நாலு நாள் துணியைத் தொடவில்லை, அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கையால்தான் பறிக்கிறாள், இடது கை கிளையைப் பிடித்திருக்கும். கத்தரியைக் கீழே வைத்தால் மறந்துவிடுகிறாள், பிறகு மண்ணுக்குள் தேடுகிறாள். குனியும்போது மடி முன்னால் சரிந்து கனம் முழுவதும் அடிமுதுகைப் பிடித்து இழுக்கிறது. கூடையில் கொட்டுவதற்கு மடியை அவிழ்க்க வேண்டும், இல்லை என்றால் அள்ளி அள்ளிப் போட வேண்டும். அள்ளினால் மொட்டில் நகம் பட்டுவிடும். நகம் பட்ட மொட்டு சாயங்காலம் மலரும்போது அந்த இடம் பழுப்பாகிவிடும் என்று அவளே சொல்வாள்.

இடுப்பில் கனம் இருக்கக்கூடாது, கழுத்திலும் தொங்கக்கூடாது. தோளுக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் நம் தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்கள் ஞாபகம் வந்தார்கள். ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு காலையிலிருந்து வெயிலில் ஆடுகிறார்களே, வார் தோளை அறுக்கிறது என்று நம்மிடம் அகலப் பட்டி வைத்துக் கேட்பார்களே, அதே பட்டிதான். இரண்டரை அங்குல அகலம், முதுகில் குறுக்காக ஓடி இடுப்பில் வந்து சேரும்.

பைக்குக் கெட்டியான காக்கி டிரில் துணி எடுத்தேன். 18 அங்குல அகலம், 14 அங்குல ஆழம். உள்ளே மெல்லிய மல் துணி. காற்றுப் போக இரண்டு பக்கமும் டிரிலை வெட்டிவிட்டு மல்லை மட்டும் விட்டேன், ஏனென்றால் காற்றில்லாமல் மூடி வைத்தால் மொட்டு வேர்த்துச் சிவந்துவிடும். அடிப்பக்கத்தை மூட்டவில்லை. அதைக் கேள்: அடித்துணியை நீளமாக விட்டு, மேலே மடித்து, முன்பக்கம் இரண்டு கொக்கியில் மாட்டிவிட்டேன். கூடைக்கு மேலே நின்று கொக்கியைக் கழற்றினால் மொட்டெல்லாம் தானே வழுக்கிக்கொண்டு இறங்கும். கை படவே வேண்டாம். முதலில் கயிறு போட்டுத்தான் பார்த்தேன், பனியில் நனைந்ததும் இறுகிக்கொண்டது. வலது பக்கம் கத்தரிக்கு ஒரு பை, உள்ளே பழைய செருப்புத் தோலை வைத்துத் தைத்தேன். 18ஆம் நம்பர் ஊசியே இரண்டு உடைந்தது.

முதல் பை வீணாகப் போனது. துணியை நனைக்காமல் வெட்டிவிட்டேன் மாப்ளே. நாம் கத்தரி பிடித்த முதல் நாளே முதலாளி தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். தைத்து முடித்துத் துவைத்துப் போட்டால் டிரில் ஒன்றரை அங்குலம் சுருங்கிவிட்டது, மல் வேறு கணக்கில் சுருங்கிவிட்டது, பை முழுவதும் சுருக்கம். முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டு, புதுத் துணி வாங்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி வெட்டினேன்.

ஆனால் நான் எழுத வந்தது இதுக்காக மட்டும் இல்லை.

பட்டிக்குத் தோளளவும் முதுகளவும் வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். அண்ணன் தோட்டத்துக்குப் போன நாளில் பீரோவைத் திறந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தேன், நீ தைத்த அந்தப் பாசிப்பயறு நிறம். திருப்பிப் போட்டு டேப்பை வைத்தேன். பக்கத் தையலில் நீ போட்ட மெஷின் தையல் இருந்தது. அதற்கு உள்ளே தள்ளி, கைத்தையலில் ஒரு வரிசை, அதே நிற நூலில். அதற்கும் உள்ளே இன்னொரு வரிசை, கறுப்பு நூலில், அவசரமாகப் போட்டது மாதிரி. இரண்டு பக்கமும், முன்துணியிலும் பின்துணியிலும், முக்கால் முக்கால் அங்குலம். நீ 36 வைத்துத் தைத்த ஜாக்கெட், மாப்ளே. அது 33 ஆகியிருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். ஏழு ஜாக்கெட்டிலும் கைத்தையல்.

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறேன், தினமும் அவள் கையால் சாப்பிடுகிறேன். எதிரே ஒருவன் நடந்து வந்தால் 38, 40 என்று கண்ணாலேயே சொல்கிறவன் நான். இவள் மூன்று அங்குலம் கரைந்தது என் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "வேலை செஞ்சா இளைக்கத்தான் செய்யும்" என்றாள். ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பதையும் அன்றைக்குத்தான் கணக்குப் பண்ணினேன். நான் விடவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்தோம். சுகர் 260. டாக்டர் சத்தம் போட்டார், என்னைத்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எங்கே கொண்டு போய் விட்டிருக்கும் என்று அவர் சொன்னதை எழுத மனசு வரவில்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். சோற்றைக் குறைத்துவிட்டு அவள் தோட்டத்துக் கொத்தவரங்காய்தான் பாதித் தட்டு. செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கக்கூடாது, காலில் முள் குத்தினால் ஆறுவது சிரமம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் கேட்க மாட்டேன் என்கிறாள். மண்ணை மிதிக்காமல் எப்படிச் செடி பார்ப்பது என்று சண்டைக்கு வருகிறாள். நீ ஒரு வார்த்தை எழுது, அண்ணன் சொன்னால் கேட்பாள்.

போன மாதம் பரிசோதித்தபோது 130க்கு இறங்கியிருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள்.

பையை மாசியில் கொடுத்தேன். பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. கவாத்து முடிந்து முதல் மொட்டெடுக்கிற நாள்தான் அவளுக்கு நாள். விடிவதற்கு முன்னால் எழுந்து பின்கதவைத் திறந்தாள், கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன். ஓரத்தில் நம் அழகர் உடுப்புக்கு வாங்கி மிஞ்சின மஞ்சள் நாடாவை வைத்துத் தைத்திருந்தேன், அந்த இருட்டிலும் அது தெரிந்தது. கையில் எடுத்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒன்றும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் என்பதால் மொட்டு அதிகம் இல்லை, இரண்டு கை நிறைய இருக்கும். பச்சை மொட்டை விட்டுவிட்டு வெள்ளை வைத்ததாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தாள். கூடைக்கு மேலே நின்று கொக்கியைக் கழற்றினாள். சலசலவென்று எல்லாம் இறங்கியது. சிரித்தாள் மாப்ளே. மறுபடி எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டு இன்னொரு தடவை கழற்றிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கத்தரிப் பையை ரெண்டு அங்குலம் கீழே இறக்கணும், குனிஞ்சா விலாவுல குத்துது" என்றாள். அன்றைக்கே பிரித்து இறக்கிவிட்டேன்.

இப்போது அண்ணன் தோட்டத்தில் மொட்டெடுக்கிற பெண்கள் ஆறு பேர் கேட்கிறார்களாம். காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் ஆறு பேர் அளவையும் இவளே எடுத்து எழுதிக்கொண்டு வந்துவிட்டாள், எல்லாம் சரியாக இருக்கிறது. கொக்கிதான் இங்கே கிடைப்பது சீக்கிரம் துருப்பிடிக்கிறது. உங்கள் திருப்பூரில் பேக் தைக்கிறவர்கள் போடுகிற பிளாஸ்டிக் கிளிப் இரண்டு டஜன் வாங்கி அனுப்பு. பணத்தை மொய்யில் கழித்துக்கொள். கையால் தைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, எனக்கு அது பிடிக்கவே இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வா, வந்து இந்தப் பையைப் பார்த்துவிட்டுச் சொல்.

வரும்போது உன் அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. உன் தங்கச்சிக்கு இரண்டு ஜாக்கெட் தைக்க வேண்டும், துணி எடுத்து ஊறவைத்துக் காயவைத்துவிட்டேன். நானே தைக்கலாம், ஆனால் ஜாக்கெட்டுக்கு உன் கைதான் அவளுக்குப் பிடிக்கும். பழைய அளவை வைத்துவிடாதே. நேற்று நானே எடுத்தேன், 34 இருக்கிறது. 34க்கே தை. ஆனால் பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் தாராளமாகத் துணி விட்டு வை. ஆடிக்குள் பிரித்துவிட வேண்டியிருக்கும்.

உன்
மாப்ளே