ரவிக்கைக்கு அளவு உண்டு, வீல்சேருக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கிய முகாம் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தியும் படமும் வந்திருந்தன. படத்தில் முன்வரிசையில் ஒரு பையன், 18 வயது இருக்கலாம். புத்தம்புது வீல்சேர், பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் பையன் ஒரு பக்கமாகச் சரிந்து, இடது முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றித்தான் உடம்பைத் தாங்கிக்கொண்டிருந்தான். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்தபடி நின்றார்கள். என் கண் அவன் இடுப்புக்குப் போனது. தொழில் அப்படி.

நான் லேடீஸ் டெய்லர். 22 வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். 2013இல் காய் பறிக்க முருங்கையில் ஏறினேன். முருங்கைக் கிளையை நம்பக் கூடாது என்று தெரிந்தேதான் ஏறினேன். கீழே துவைக்கிற கல் கிடந்தது. தண்டுவடம் டி 10 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பு மட்டத்தில், போய்விட்டது. தொப்புளுக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது. மோட்டார் பெடலை மேசை மேல் வைத்து முழங்கையால் அழுத்தித் தைக்கிறேன்.

எனக்கு முதலில் கிடைத்ததும் முகாம் வீல்சேர்தான். சீட் அகலம் 18 இஞ்ச், என் இடுப்பு 14½. ரவிக்கையை மூன்றரை இஞ்ச் கூடுதலாக வெட்டித் தைத்தால் வாங்க வந்தவர் என் முகத்தில் எறிவார். வீல்சேரை நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆறே மாதத்தில் ரெக்சின் தூளி மாதிரி தொய்ந்துவிட்டது. அந்தக் குழியில் இடுப்பு வலப்பக்கம் இறங்கும். விழாமல் இருக்க முதுகு எதிர்ப்பக்கம் வளையும். சீட்டின் நீளமும் அதிகம். முன் விளிம்பு முழங்காலின் பின்பக்கம் இடித்ததால் இடுப்பை முன்னே தள்ளித்தான் உட்கார முடிந்தது. அப்படி உட்கார்ந்தால் பாரம் வால் எலும்புக்குப் போகும், கூன் விழும், மூச்சும் முழுசாக இழுக்க வராது. "நிமிர்ந்து உட்காருப்பா" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நிமிர்த்திப் பிடிக்கிற தசைதான் பாதி வேலை செய்யவில்லையே! எனக்கு நாற்காலிதான் அதைச் செய்ய வேண்டும்.

அப்புறம் வலது பிட்டத்து எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவில் புண். மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். நாலு மாசம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அந்த வருஷத் தீபாவளி வேலை அத்தனையும் போச்சு.

புண் ஆறிய பிறகு ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த சிகிச்சையாளர் அம்மா டேப்பை எடுத்ததும், "கொடுங்கம்மா, நானே அளக்கிறேன்" என்று வாங்கி, பழக்கதோஷத்தில் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். சிரித்துவிட்டார். சுற்றளவு வேண்டாமாம். கெட்டிப் பலகையில் நேராக உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி, இடைவெளியை அளக்க வேண்டும். படுத்திருக்கும்போது அளந்தால் தப்பாகும், உட்கார்ந்தால் சதை பரவும். சீட் நீளத்துக்குப் பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு விரல் அகலம் கழிக்க வேண்டும். கால்மிதி உயர்ந்திருந்தால் தொடை தூக்கிக்கொண்டு பாரமெல்லாம் பிட்டத்து எலும்பில் இறங்கும். தாழ்ந்திருந்தால் கால் தொங்கி ஆளையே முன்னால் இழுக்கும். சீட்டின் மேல் போடுகிற மெத்தையின் உயரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கால்மிதியை வைக்கக் கூடாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகுச் சாய்வு, கை நன்றாக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குக் கீழே நின்றால் போதும், சக்கரம் தள்ளக் கை தாராளமாக வீசும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு அது பத்தாது, உயரமாக வேண்டும்.

மெத்தையைச் சோதிக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஆளை உட்கார வைத்து, மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் அந்த மெத்தை செத்துப்போனது, மாற்றிவிட வேண்டியதுதான். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தைச் சிலர் நல்லெண்ணத்தில் வாங்கித் தருகிறார்கள். அந்த வளையமே சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெருக்கும், வேண்டாம். எவ்வளவு நல்ல மெத்தையானாலும் அடிக்கடி பாரத்தை இறக்கிவிட வேண்டும். ரவிக்கைக்கு ஒரு கை தைத்து முடித்ததும் நான் முன்னால் குனிந்து, முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி இரண்டு நிமிஷம் இருப்பேன். கடைக்கு வருகிறவர்கள் தூங்குகிறேன் என்று நினைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் வசதி குறைந்த இடங்களுக்கென்றே 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீல்சேர் வழங்குவதை எட்டுப் படிகளாகச் சொல்லியிருக்கிறது. ஆளைப் பார்த்து அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பழக்குவது, பிறகும் போய்க் கவனிப்பது எல்லாம் அதில் உண்டு. வெளிநாட்டுப் பேச்சு என்று தள்ள வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். கோணலாக உட்கார்ந்து அந்த வேலை நடக்குமா?

முகாம் நடத்துகிறவர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 14, 16, 18 என்று மூன்று அகலத்திலாவது கொண்டுவாருங்கள். கைப்பிடி கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், கட்டிலுக்கு மாற அது வேண்டும். மெத்தையும் சேர்த்தே கொடுங்கள். அளவெடுக்க ஆள் இல்லை என்றால் எங்கள் வட்டாரத்தில் கூப்பிடுங்கள், அந்த அம்மாவையும் கேட்டு அழைத்துக்கொண்டு என் டேப்போடு வருகிறேன்.

அந்தப் பையன் எந்த ஊர் என்று செய்தியில் இல்லை. அவன் வீட்டார் இதைப் படித்தால், இன்று ராத்திரியே அவனைத் திருப்பிப் படுக்கவைத்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், நாளைக்கு அவனை அந்த நாற்காலியில் உட்கார வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேடீஸ் டெய்லர்,
சங்கரன்கோவில்.