பழைய ஜீப்புக்கு வாங்கிய எஞ்சின் இணைப்புத் தட்டின் மையப் பிழை குறித்த புகார்

அனுப்புநர்:
ஏலக்காய் விவசாயி,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
எஞ்சின் மாற்று இணைப்புத் தொகுப்புத் தயாரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சினை டி-90 கியர் பாக்ஸுடன் இணைக்கத் தாங்கள் விற்ற அடாப்டர் பிளேட்டின் குறைபாடு, அதனால் ஏற்பட்ட சேதம், தங்கள் அலுவலர்களின் அலைக்கழிப்பு ஆகியவை குறித்து.

ஐயா,

வணக்கம். இந்தக் கடிதத்தை வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதாமல் நேரடியாகத் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், அந்தப் பிரிவில் நான் பேசாத ஆள் எவரும் மிச்சமில்லை என்பதுதான். விற்பனைப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கச் சொல்கிறது. தொழில்நுட்பப் பிரிவு ரசீதை விற்பனைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்பிய ரசீது யாருடைய கைப்பேசியில் கிடக்கிறது என்பது இருவருக்கும் தெரிவதில்லை. தங்கள் பார்வைக்கு வந்தால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் முழுவதுமாகப் போய்விடாததால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1964ஆம் ஆண்டு பதிவான மஹிந்திரா வில்லிஸ் சிஜே-3பி. என் தந்தையார் பூப்பாறைப் பக்கமுள்ள எங்கள் ஏலத்தோட்டத்துக்காக வாங்கியது. அதன் மூல எஞ்சின் 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். உள்வாங்கும் வால்வுகள் தலைப்பகுதியில் இருந்ததால் எஞ்சினின் உயரம் கூடி, அதற்காகவே பானெட்டும் உயர்த்தப்பட்ட மாதிரி இது. எங்கள் மலையில் பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களில் பலர் செய்தது போலவே என் தந்தையாரும் பிற்காலத்தில் மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப்பில் வந்த 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சினுக்கு மாறினார். எரிபொருள் மாற்றம் பதிவுச் சான்றிதழில் முறையாக ஏற்றப்பட்டிருக்கிறது. ஆகவே, இது ‘கள்ளத்தனமாக மாற்றிய வண்டி’ என்று தங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் சொன்னது முழுப் பொய் என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

அந்தக் காலத்தில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைத்த தட்டு, இங்கே போடியில் ஒரு பட்டறையில் கனத்த இரும்புத் தகட்டை அறுத்து, கையால் அடையாளமிட்டு, பழைய லேத்தில் கடைந்து செய்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது ஒரு சத்தமும் எழுப்பாமல் மலை ஏறி இறங்கியது. வண்டியை முழுவதுமாகக் கழற்றிப் புதுப்பிக்கும்போது, போல்ட் துளைகள் தேய்ந்து அகன்றிருந்ததால், இனியும் எதற்குக் கைவேலை என்று கருதி, ‘சிஎன்சி இயந்திரத்தில் துல்லியமாகக் கடைந்தது, நேரடியாகப் பொருந்தும்’ என்று தாங்கள் விளம்பரப்படுத்தும் தொகுப்பை ஜிஎஸ்டி உட்பட 18,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எம்எம் 540-இன் நான்கு கியர் பெட்டியையும் சேர்த்து மாற்றிவிட்டால் இந்தத் தட்டே வேண்டாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் 80 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட குட்டை வண்டியில், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இருக்கும் இடமே குறைவு. அதோடு, நல்ல நிலையில் இருந்த வண்டியின் பழைய டி-90 கியர் பாக்ஸையும், முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸையும் கழித்துப் போட எனக்கு மனமில்லை. தொகுப்போடு வந்த எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட்டுகள் நன்றாகவே இருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பழுது அந்தத் தட்டில் மட்டுமே.

தட்டின் வேலை என்ன என்று அதைத் தயாரிக்கும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் அலுவலர்கள் அதை அறியாதவர்கள் போலப் பேசுவதால் சுருக்கமாக எழுதுகிறேன். கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி, எஞ்சினின் சுழல் தண்டான கிரேங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள வெண்கலப் புஷ்ஷுக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. கியர் பாக்ஸ் எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது தட்டின் நடுத்துளை. அந்தத் துளையின் மையம் கிரேங்க் ஷாஃப்ட்டின் மையத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும். புஷ் தேயும், கிளட்ச் முழுமையாக விடுபடாது, முன் பேரிங் அரையும், கடைசியில் கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். அழுத்த விகிதம் பெட்ரோல் எஞ்சினைவிட ஏறக்குறைய மூன்று மடங்குள்ள டீசல் எஞ்சினின் அதிர்வில் இவை எல்லாம் இன்னும் விரைவாக நடக்கும். என் வண்டியில் இதே வரிசையில்தான் நடந்தன.

தேனியில் உள்ள லேத் பட்டறையில், கிரேங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் ஃபிளைவீலில், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, கிரேங்க் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி, தட்டின் நடுத்துளையை அளந்து பார்த்தோம். முள் மொத்தம் 0.62 மில்லிமீட்டர் ஓடியது. அதில் பாதி, அதாவது 0.31 மில்லிமீட்டர், துளையின் மையம் விலகியிருக்கிறது. இத்தகைய பொருத்தத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு, அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் கூடாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிந்தது. தட்டை இடத்தில் நிறுத்தும் டோவல் பின்களைக் கழற்றி மாற்றிப் பொருத்தி அளந்தும் இதே அளவுதான் வந்தது. அளந்ததைக் காணொளியாகவும் எடுத்து அனுப்பினேன். அதற்குத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த ஒரே பதில், ‘உங்கள் டயல் கேஜ் பழுதாக இருக்கலாம்’ என்பது.

இதைவிடத் தங்கள் சேவை மேலாளர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தட்டு விலகியிருக்கிறது என்று நான் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்து, “ஏனுங்க சார், அறுபது வருஷத்து இரும்புக்கு எதுக்குங்க இத்தனை பாடு? காயலான் கடையில போட்டா கிலோக் கணக்குல காசு வருமுங்க, அதுல ஒரு புது வண்டிக்கு முன்பணம் கட்டிருங்க” என்றார். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. ஐயா, பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் தரும் காசில்தான் தங்கள் நிறுவனம் நடக்கிறது; அந்த மேலாளரின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி என்றால், அதற்குப் பாகம் செய்து 18,500 ரூபாய்க்கு விற்பானேன்? இந்தக் கேள்விக்கு மட்டுமாவது தங்கள் கைப்பட ஒரு பதில் எதிர்பார்க்கிறேன்.

மாற்றுத் தட்டு அனுப்பினோமே என்று தங்கள் தரப்பில் சொல்வார்கள். அனுப்பினார்கள், உண்மைதான். பார்சல் கூலியையும் என்னிடமே வாங்கிக்கொண்டு அனுப்பிய அந்தத் தட்டு டிஐ எனும் வேறொரு எஞ்சினுக்கானது. எக்ஸ்டிபி எஞ்சினின் ஒரு போல்ட் துளைகூட அதில் நேராக வரவில்லை. தங்கள் சொந்தத் தயாரிப்பில் எது எந்த எஞ்சினுக்கு உரியது என்று பிரித்தறியத் தட்டில் ஒரு எண்ணோ எழுத்தோ பொறிக்கப்படவில்லை. ஆனால் உத்தரவாதம் கேட்டபோது, ‘தட்டில் பொறித்த வரிசை எண்ணைச் சொல்லுங்கள்’ என்றார்கள். இல்லாத எண்ணை நான் எங்கிருந்து சொல்வது?

ஆயுத பூஜை அன்று நடந்தது இந்த மாற்றுத் தட்டு வருவதற்கு முந்தைய கதை. வரிசைப்படி அதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நினைத்தாலே கை நடுங்குவதால் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். கியர் பாக்ஸையும் தட்டையும் நேரில் கொண்டுவந்தால் உடனே அளந்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தித் தருவோம் என்று சொல்லி நாள் குறித்துக் கொடுத்தது தங்கள் அலுவலகம். அன்று ஆயுத பூஜையாயிற்றே என்று நான் கேட்டதற்கு, ‘காலையில் ஆள் இருப்பார்கள், தைரியமாக வாருங்கள்’ என்று உறுதியும் அளித்தார்கள். சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு, வத்தலக்குண்டு, பழனி, உடுமலைப்பேட்டை வழியாகத் தங்கள் வாசலில் வந்து இறங்கினால், உள்ளே இருந்த எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி வைத்திருக்கிறார்கள். பூஜை போட்ட இயந்திரத்தை அன்று யாரும் தொடமாட்டார்கள் என்று காவலாளி சொன்னார். வரச் சொன்ன அலுவலரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொண்டுபோன இரும்பை அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு, காவலாளி கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தோடு ஊர் திரும்பினேன். தங்கள் நிறுவனத்தில் இன்றுவரை என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அந்தக் காவலாளி ஒருவர்தான். அவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம்.

இனி இதன் ஆபத்தைச் சொல்கிறேன். இதில் மட்டும் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சிஜே-3பி-யின் பிரேக்குகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் வகை. மிதியின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க பூஸ்டர் எதுவும் இல்லை. இத்தகைய வண்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது பிரேக்கைவிட இரண்டாம் கியரில் எஞ்சின் தரும் தடைதான். தட்டைப் பொருத்திச் சில நாள்களில், தோட்டத்து வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, இரண்டாம் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலில் விழுந்தது. மலைப்பக்கச் சுவரோரம் வண்டியை உரசி நிறுத்தினேன். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டேன்; வேறு யாராவது வேறு ஓர் இடத்தில் எழுதியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தபோது வெண்கலப் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது; கியர் பாக்ஸின் முன் பேரிங் அரைபட்டு, அதன் இரும்புத் துகள் ஆயிலில் கலந்து, பற்சக்கரங்களையும் தின்றிருந்தது.

‘அங்கீகரிக்கப்படாத மெக்கானிக் பொருத்தியதால் உத்தரவாதம் செல்லாது’ என்பது தங்களின் கடைசி மின்னஞ்சல். அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் தேனி மாவட்டத்தில் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. எங்கள் மெக்கானிக் பெஜோ எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தே தலை நரைத்தவர். துளையைத் தவறான இடத்தில் போட்டது அவரல்ல.

இதனால் எனக்கு ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட்டுச் சொல்வதானால் தாளில் இடம் போதாது. கியர் பாக்ஸைச் சீர்செய்ய 27,000 ரூபாய் ஆயிற்று. ஏலக்காய் பறிப்புக் காலம் முழுவதும் வாடகை ஜீப்புக்குக் கொடுத்தது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகை ஜீப் நாம் கேட்கும் நேரத்துக்கா வரும்? உரிய நாளில் ஆள் போய்ப் பறிக்காததால் காய்கள் செடியிலேயே வெடித்தன. வெடித்த காய்க்குப் போடி ஏல மையத்தில் என்ன விலை கிடைக்கும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பருவத்தின் வருமானமே அழிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. என் வண்டிக்கு அந்தத் தவணை வந்து, வண்டியைத் தகுதிச் சோதனைக்கு ஓட்டிப் போக வழியில்லாமல் கடந்தும் போய்விட்டது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் வீதம் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறது. என் தந்தையார் கட்டிக்காத்த வண்டி பட்டறையில் சக்கரமில்லாமல் மரக்கட்டைகள் மேல் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு உண்டான மன உளைச்சலுக்கு விலை போட முடியாது. இருந்தாலும் 3 லட்சம் என்று குறைத்தே குறிப்பிடுகிறேன்.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. நல்ல தட்டு ஒன்றைச் செய்துகொடுக்கும் இயந்திரமும் திறமையும் தங்களிடம் உண்டு என்றே இன்னும் நம்புகிறேன். எனவே தட்டின் விலையைத் திருப்பித் தந்து, கியர் பாக்ஸ் செலவையும் வாடகை ஜீப் செலவையும் ஈடுசெய்து, கிரேங்க் ஷாஃப்ட் மையத்துக்குச் சரிபார்த்த அளவு அறிக்கையோடு எக்ஸ்டிபி 4.90-க்கான சரியான தட்டு ஒன்றைத் தங்கள் செலவில் அனுப்பிவைக்குமாறும், காயலான் கடை பற்றிப் பேசிய மேலாளர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதே அச்சில் கடைந்த தட்டுகளை வேறு எவருக்கெல்லாம் விற்றிருக்கிறீர்களோ, அவர்களுக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். மலையில் ஓடும் வண்டிகள் அவை.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் இவை நடக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அச்சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆகவே செலவுக்குப் பயந்து இவர் ஒதுங்கிவிடுவார் என்று தங்கள் அலுவலர்கள் கணக்குப் போட வேண்டாம். குறைபாடுள்ள பொருளால் விளையும் சேதத்துக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று கூறும் ஆறாம் அத்தியாயத்தைத் தங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு தட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆணையம் கேட்கும்வரை அவற்றை யாரிடமும் ஒப்படைக்கமாட்டேன்.

பதிலை எழுத்தில் மட்டுமே அனுப்பவும். தொலைபேசியில் பேச எனக்கு விருப்பமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: ரசீது நகல், பதிவுச் சான்றிதழ் நகல், டயல் கேஜ் அளவுக் குறிப்பு, தேய்ந்த புஷ் மற்றும் பேரிங்கின் படங்கள், பார்சல் கூலிச் சீட்டு, வாடகை ஜீப் ரசீதுகள்.