சைகை காட்டும் பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைகை சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பேச்சே வராது, வாய் சோம்பேறியாகிவிடும் என்ற எண்ணம் நம்மவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. கோயில், கல்யாண வீடு, ஆயர் ஈத்தாம் சந்தை என்று எங்கே போனாலும் யாராவது என்னிடம் இதைச் சொல்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டரை வயது. மகளும் மருமகனும் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை செய்வதால் பெரும்பாலும் பையன் என்னிடம்தான் இருப்பான். காது நன்றாகக் கேட்கிறது. தாத்தாவின் செருப்பை எடுத்து வா என்றால் சரியாக அந்த ஜோடியையே தூக்கி வருவான். பேச்சு மட்டும் வரவில்லை. அப்ராக்சியா என்ற பேச்சுக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் ஸ்பீச் தெரப்பிஸ்ட். மூன்று வயதுக்குள் அதை உறுதியாகச் சொல்வது கடினமாம். நாக்கிலும் உதட்டிலும் பலவீனம் எதுவும் இல்லை. எந்த ஒலிக்கு நாக்கு எங்கே போக வேண்டும், எதற்கு அப்புறம் எது என்று மூளை திட்டமிடுவதில்தான் சிக்கல். அதனால் நேற்று பாலுக்கு ‘பா’ என்றவன், இன்று வாயைத் திறந்து திறந்து பார்ப்பான். வேறு ஏதோ சத்தம் வரும். நாக்கில் வசம்பு தேய்த்துச் சரியாகும் விஷயம் இல்லை இது. “அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்” என்று காத்திருந்தாலும் தானாகத் தீராது. சின்னச் சின்னதாக, அடிக்கடி, திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. பல மொழி கேட்டு வளர்வதால் இந்தக் கோளாறு வருவதில்லை. எனக்கு வாய் நிறைய வருவது தமிழ்தான். அதை நிறுத்திவிட்டால் பகல் முழுக்க அந்தப் பிள்ளையோடு யார் பேசுவது?

தெரப்பிஸ்ட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை எளிது. சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் காட்ட வேண்டும். சாப்பாடு, இன்னும் வேண்டும், போதும் என்றுதான் தொடங்கினோம். இப்போது நாய், மழை, விளக்கு, கோயில் எல்லாம் அவன் கையில் இருக்கின்றன. முன்பெல்லாம் அவன் கேட்பது எங்களுக்குப் புரியவில்லை என்றால் தரையில் தலையை முட்டிக்கொள்வான், என் கையைக் கடிப்பான். அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு நாள் மாலை அழுதுகொண்டே வலி என்பதற்கான சைகையைக் காதுக்குப் பக்கத்தில் காட்டினான். கிளினிக்கில் பார்த்தால் காதில் சீழ். சைகை இல்லாவிட்டால் அன்று இரவு முழுக்கப் பல் முளைக்கிறது என்று நினைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்போம். எங்கள் பக்கத்து ரொட்டி சானாய் கடைத் தம்பி, அவன் ‘இன்னும்’ என்று காட்டினால் அதே சைகையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த ரொட்டியை வைப்பார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, தானாகப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

சைகை பேச்சைத் தடுக்குமா என்று நானும் மகளும் தெரப்பிஸ்டிடம் துருவித் துருவிக் கேட்டோம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை அவர் எடுத்துச் சொன்னார். சைகை, படம் போன்ற உதவிகளைப் பயன்படுத்தியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் நம்பத்தக்கவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்கு ஓரளவு கூடியிருந்ததாம். எங்கள் வீட்டிலும் அதைப் பார்க்கிறேன். ‘ம்மா’ என்று வாயில் வரத் தொடங்கியதும், அம்மாவுக்கான சைகையை அவனே மெல்ல விட்டுவிட்டான்.

எனக்கு முழங்கால் சிகிச்சை நடந்த சமயத்தில் பையனை ஒரு தாஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விட்டிருந்தோம். அங்கே பார்த்துக்கொண்டவர், அவன் கை காட்டும்போதெல்லாம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வாயால் கேள், அப்போதுதான் பிஸ்கட்” என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, தெரியாததுதான் காரணம். ஆனால் பேச முடியாத குழந்தைக்கு அது வாயைப் பொத்துவது போலத்தான். வீட்டுக்கு வந்து மறுபடியும் தலையை முட்ட ஆரம்பித்தான். எனக்கு மனது ஆறவே இல்லை.

நம் பினாங்குக்குக் கையால் பேசுவது புதிதல்ல. தஞ்சோங் பூங்காவில் 1954-இல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியில், உதட்டைப் பார்த்துப் பேசக் கற்பதே பாடமாக இருந்த காலத்திலும், பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் சைகைகளை வளர்த்துக்கொண்டார்கள். அதுதான் பினாங்கு சைகை மொழி. பின்னர் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசிய சைகை மொழியை அதிகாரப்பூர்வமாகவே ஏற்றுக்கொண்டது. என் பேரனுக்குக் காது கேட்கும், அவன் நிலை வேறு. ஆனாலும் ஏதோ ஒரு சைகையை நாங்களே கண்டுபிடிப்பதைவிட, மலேசிய சைகை மொழியின் சைகைகளைக் கற்பதுதான் நல்லது. தாஸ்காவிலும், பிறகு பாலர் பள்ளியிலும், தமிழோ மலாயோ எது பேசினாலும் அதே கை செல்லும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சைகையைப் படத்தோடு வெளியிடுங்கள். பினாங்கில் காதுகேளாதோர் சங்கம் இருக்கிறது. தினமும் அந்த மொழியில் பேசுகிறவர்களிடமே கேட்டு வாங்கினால் கை வடிவம் தப்பாது. சாப்பாடு, தண்ணீர், வலி, போதும், கழிவறை ஆகியவற்றை முதலில் போடலாம். தாஸ்கா நடத்துபவர்களும் பாலர் பள்ளி ஆசிரியைகளும் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் படம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு