நிபுணர்களைத் தேடித் தருபவர்களுக்கு

வணக்கம்.

நிருபர்களையும் நிபுணர்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் சேவைகளை நடத்தும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். உடல்நலம் பற்றி எழுதும் நிருபர் நான். இரவு ஒன்பது மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டு, "காலைக்குள் ஒரு மருத்துவர் கருத்து வேணுமே" என்று சொல்லும்போதெல்லாம் என்னைக் காப்பாற்றியது நீங்கள்தான். அந்த நன்றி இருக்கிறது.

போன வருடம் குழந்தைகளின் தூக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். உங்களில் ஒருவர் மூலம் குழந்தை மனநல நிபுணர் ஒருவர் அரை மணி நேரத்தில் பதில் அனுப்பினார். நாலே வரி, வெட்டி ஒட்டத் தோதான வரிகள். போட்டுவிட்டேன். தொலைபேசியில் அழைத்துப் பேசாதது என் தப்பு, அதை மறைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வாசகி ஒருவர், "இவர் எங்கே மருத்துவம் பார்க்கிறார்?" என்று கேட்டு எழுதினார். தேடினால் அப்படி ஓர் ஆளே இல்லை. உங்கள் தளத்தில் அவருடைய பக்கத்தையும் காணோம். விசாரித்தேன். ஆறு வாரத்துக்கு முன்பே போலி என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டார்களாம்! போலி என்று தெரிந்த பிறகும் ஆறு வாரம் அந்தப் பொய் என் பெயருக்குக் கீழே கிடந்திருக்கிறது.

போலிகள் வருவது புதிதல்ல. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஃப்நெட் என்ற இதேபோன்ற சேவையில் நிருபர்களின் கேள்விகள் பல்கலைக்கழகங்களின் செய்தித் தொடர்பு அலுவலகங்களுக்குப் போயின. பதில் சொல்லும் பேராசிரியர் யார் என்று அந்த அலுவலகத்துக்குத் தெரியும். 2008இல் பீட்டர் ஷங்க்மன் என்பவர் ஆரம்பித்த ஹாரோ என்ற சேவை கதவை அகலத் திறந்தது. வேலை நாட்களில் மூன்று வேளை நிருபர்களின் கேள்விகளோடு மின்னஞ்சல் வரும், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். 2012இல் விளம்பரத் துறைக்காரர் ஒருவர் சோதித்துப் பார்க்கவே, தெரியாத விஷயங்களுக்கெல்லாம் நிபுணராகப் பதில் அனுப்பினார். இசைத்தட்டு சேகரிப்பவர் என்று நியூயார்க் டைம்ஸே அவர் பேச்சை வெளியிட்டது. அப்போது பொய் சொல்ல ஒரு மனிதராவது உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. இப்போது சாட்ஜிபிடி போதும். செய்தித் தளத்திலிருந்து ஒரு லிங்க் கிடைத்தால் தங்கள் தளம் கூகுள் தேடலில் மேலே வரும் என்று நினைப்பவர்களுக்காக, கூலிக்குப் பதில் எழுதித் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஹாரோவின் பெயர் கனெக்டிவ்லி என்று மாறி, 2024 டிசம்பரில் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கையில் திரும்ப வந்தது. கடைகள் கைமாறட்டும், அது உங்கள் வியாபாரம். எல்லாப் போலிகளையும் வாசலிலேயே பிடியுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. நடக்காத காரியம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஆளை நீக்கினால், அவருடைய பதில் யார் யாருக்குப் போனதோ அத்தனை நிருபர்களுக்கும் அன்றே சொல்லுங்கள். எந்தப் பதில் எந்த நிருபருக்கு எந்தத் தேதியில் போனது என்ற பதிவு உங்களிடம் இருக்குமே. "இவர் கருத்தைப் பயன்படுத்தியிருந்தால் சரிபார்க்கவும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும். சட்டச் சிக்கல் வரும் என்று உங்கள் வக்கீல்கள் தயங்கலாம். 'போலி' என்று எழுத வேண்டாம், 'கணக்கு நீக்கப்பட்டது' என்றாவது எழுதுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என் கட்டுரையில் திருத்தம் போட்டாயிற்று. அந்த மனநல நிபுணர் என்னைத் தவிர இன்னும் யாருக்கெல்லாம் எழுதினார் என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி