மொரிஸ் மைனரும் நான்கு நண்பர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வந்தால் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிதான் பேச்சு. 1934இல் தொடங்கிய போட்டி, பெருமைதான். பந்தயத்துக்கே போகாமல், ஆசைக்காக மட்டும் கார் கட்டுகிறவர்களும் மலையகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

ஹட்டன் பக்கம் நாங்கள் நான்கு பேர். தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர், ஆட்டோ சாரதி ஒருவர், வெல்டிங் பாஸ் (கைத்தொழிலாளி) ஒருவர், அவர் சிங்கள நண்பர், பாடசாலையில் படிப்பிக்கும் நான். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ஒரு மொரிஸ் மைனருக்கு (பழைய ஆங்கிலேயச் சிறு கார்) உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டியெடுத்து, பழைய எண்ணெய் பீப்பாய்த் தகரத்தைத் தட்டி வளைத்துப் பொருத்தினார் ஃபிட்டர். மட்காட் வளைவுக்கு அவர் அளவுகோல் வைக்கவில்லை. கண்ணை மூடி, கையால் தடவித் தடவியே சரிபார்த்தார். சிற்பியின் கை அது. தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பாஸின் அம்மா காலமானபோது கொட்டகை போட்டதும் இதே நால்வர்தான்.

கலிபோர்னியாவில் பழைய ஃபோர்ட் கார்களை இளைஞர்கள் வேகமாக ஓடும் ‘ஹொட் ரொட்’ வண்டிகளாக மாற்றிக் கட்டியதும் கையில் கிடைத்த சாமானைக் கொண்டுதான்.

அடுத்த வசந்த காலத்தில், வீட்டில் கட்டிய வண்டிகளை நிறுத்திக்காட்ட நுவரெலியாவில் ஓரிடம் ஒதுக்கித் தரட்டும். எங்கள் மொரிஸ் நானுஓயா ஏற்றத்தை ஏறியே வரும்.

வாசகர்,
ஹட்டன்