ஓய்வு பெற்றவனுக்குக் கார் எதற்கு என்று கேட்டவருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர், ரிட்டயர் ஆனதும் கைக்கு வருகிற பணத்தில் கார் வாங்குவது வீண் செலவு, பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு வேண்டும்போது வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் 34 வருஷம் அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக, பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்கும் குழிக்குள் நின்று, தலைக்கு மேலே ஆயில் சொட்டச் சொட்ட வேலை பார்த்து, ஊர் மக்கள் போகிற வண்டியைச் சரி செய்து அனுப்பியவன் நான். எனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று நினைத்ததை வீண் என்று யார் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கனவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது. ஹூண்டாய் எல்லாம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், 1961லேயே, சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் நம் ஊர்க்காரர்கள் கையால் செய்த கார். 948 சிசி எஞ்சின், சின்ன வண்டிதான். நான் மூன்றாவதோ நாலாவதோ படித்தபோது எங்கள் ஊர் டாக்டர் அதை வைத்திருந்தார். அந்தக் காரின் பானெட் மற்றக் கார்களைப் போலத் திறக்காது. இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்மூக்கு முழுவதும் அப்படியே முன்னால் கவிழும். டிரைவர் அண்ணன் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றித் துடைப்பார். குனிய வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்பதையும் மறந்து நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். மெக்கானிக் ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததே அந்த டயர் மேல் உட்கார்ந்த மனிதரைப் பார்த்துத்தான்.

2023ல் ஓய்வு பெற்றேன். பெங்களூரில் இருக்கும் மகன் போன் செய்து, "அப்பா, நல்ல எஸ்யூவியா எடுங்க, ஆட்டோமேட்டிக் கியர், நிம்மதியா இருக்கும்" என்றான். அவன் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த வருஷம் ஆயுள்கால வரியை ஏற்றினார்களே, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். 15 லட்ச ரூபாய்க் கார் என்றால் வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். அப்புறம் இன்சூரன்ஸ். இவ்வளவையும் கொட்டி, பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி மட்டும் தெரிகிற ஒரு வண்டியை வாங்கி நான் என்ன செய்வேன்? கை வைக்க முடியாத வண்டியில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இது எனக்கு மட்டும் பொருந்துகிற நியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஹெரால்டையே தேடுவோம் என்று தேடினேன். திருச்சி பக்கம் ஒரு ஷெட்டில் 1966 மாடல் இருப்பதாகத் தகவல் வந்தது. மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், கார் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், கூட உட்கார்ந்து வரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். வண்டியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே கொக்கி, அதே முன்மூக்கு. ஸ்டியரிங்கை ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், கும்பகோணத்துச் சந்துகளுக்காகவே செய்தது போல. ஆனால் அது இரண்டு கதவு வண்டி, சீட்டும் தாழ்வு. மூட்டு வலியோடு இருக்கிற என் மனைவி உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. கதவைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, இரண்டு முறை முயன்று எழுந்தார். "நல்ல வண்டிங்க, உங்களுக்குப் புடிச்சிருந்தா வாங்கிக்கங்க" என்றார். அதைக் கேட்ட பிறகு எப்படி வாங்குவது? தவிர, அதற்குக் கண்ணாடி ரப்பர்கூட லேசில் கிடைக்காது. பதிவும் காலாவதி ஆகியிருந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 2021ல் வந்த விதிப்படி பழம்பெரும் வாகனமாகப் புதிதாகப் பதியலாம், 20 ஆயிரம் ரூபாய் கட்டினால் 10 வருஷத்துக்குப் பதிவு. ஆனால் கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுத்துப்போகலாம், தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கொட்டகையில் நிறுத்திவைத்துப் பார்ப்பதற்கு எனக்குக் கார் வேண்டாம்.

கடைசியில் வாங்கியது 1986 பிரீமியர் பத்மினி. ஊரில் எல்லோருக்கும் அது பியட்தான், 1974லேயே பெயர் மாறிவிட்டது என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. மும்பையில் கடைசி பத்மினி டாக்சியை 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள் என்ற செய்தியைப் படித்த மாதம்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு இந்த வண்டி வந்தது. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம், நிமிர்ந்து நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். என் மனைவி எதையும் பிடிக்காமல் எழுந்தார். நான் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தது அதைத்தான்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயம். முன்கூட்டியே போன் செய்திருந்தாலும், போனதும் முதலில் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் எல்லாம் தெரியும். காலடியில் உள்ள விரிப்பைத் தூக்கி, அடித்தகட்டை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், டங் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் துரு. எஞ்சினை நான் இரண்டு நாளில் பிரித்துச் சேர்த்துவிடுவேன், துருப்பிடித்த பாடிக்கு வைத்தியம் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆர்சி புக்கில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் பார்த்துச் சரிபாருங்கள், கடன் அடமானம் ரத்தாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 20 வருஷம் தாண்டியதற்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025ல் 10 ஆயிரம் ரூபாயாகிவிட்டது. என் வண்டிக்கு 2026ல் அந்தச் செலவு இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் பழைய வண்டி பக்கம் போகவேண்டாம் என்றே சொல்வேன். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, சீட்டு உயரமாக உள்ள சின்னக் கார் ஒன்றை ஆட்டோமேட்டிக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஷோரூமில் விற்பனையாளர் டச் ஸ்கிரீனைக் காட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். என் பியட்டில் ஏர்பேக் கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. பெல்ட் போட்டிருக்கிறேன், 50க்கு மேல் போவதில்லை, இருட்டினால் பைபாஸ் ஏறுவதில்லை. 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், டாக்டர் சான்றிதழும் கேட்கிறார்கள், அது நல்லதுதான். கண் சரியில்லை என்று ஒருநாள் டாக்டர் சொன்னால் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போது எங்கள் வழக்கம், மாதம் இரண்டு முறையாவது எங்காவது கிளம்புவது. தாராசுரம், திருவிடைமருதூர் என்று ஆரம்பித்து, போன கோடையில் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். அணைக்கரை தாண்டியதும் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. வெயிலில், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிடும், பியட்டுக்கு இது பழைய சங்கதி. நான் பானெட்டைத் திறப்பதற்குள் என் மனைவி பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து நீட்டினார். பம்ப் மேல் சுற்றிவிட்டு இருவரும் புளியமரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் சர்வீஸ் காலத்தில் இப்படிப் பகல் வேளையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்த நாளே எனக்கு நினைவில்லை. அந்த வாசகர் சொல்லும் வாடகைக் காரில் இது கிடைக்காது என்பதுதான் என் பதில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதை நீங்கள் கட்டாயம் வெளியிட வேண்டும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் அதற்கென்று செய்ததில்லை. ஒரு வருஷத்துக்குள் என் வண்டியில் பெட்ரோல் போகிற ரப்பர் குழாயான ஓஸ் வெடிப்பு விட்டது, பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு ஊதிப்போனது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது 11க்கு வந்துவிட்டது. நானே மாற்றிக்கொண்டேன், தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஓஸ் கசிந்து சூடான எஞ்சின் மேல் சொட்டினால் ஆபத்து. எத்தனால் கொள்கையை நான் எதிர்க்கவில்லை, கரும்பு விவசாயிக்கு அதில் வருமானம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தனியாக வைக்க எண்ணெய் நிறுவனங்கள் ஏற்பாடு செய்யவேண்டும், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அதுவரை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஓஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுவென்று இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் டிப்போ மெக்கானிக்,
கும்பகோணம்.