குடியேற்ற சட்டம் கட்டுரைப் போட்டிய தமிழ்லயும் நடத்துங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்க மக சட்டக் கல்லூரில நாலாம் வருசம் படிக்கா. வெளிநாட்டுல ஒரு சபை நடத்துற கட்டுரைப் போட்டிக்கு இப்போ எழுதிட்டு இருக்கா, வேற நாட்டுல இருந்து வாற ஆளுங்கள சட்டம் எப்பிடி நடத்தணும், நம்ம விசுவாசம் அதுக்கு என்ன சொல்லுது, இதுதான் தலைப்பு. மொதல்ல எழுதினத எனக்கு படிச்சு காட்டினா. லேவியர் 19 இருந்துச்சு, மத்தேயு 25 இருந்துச்சு, 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடலங்கிறதும் இருந்துச்சு. எல்லாம் சரிதான், ஆனா நம்ம வீட்டுல நடந்த காரியம் ஒண்ணு கூட இல்லயே மக்ளேன்னு கேட்டேன்.

நான் சவுதில கத்தீஃப் பக்கம் லாஞ்சுல 9 வருசம் மீன் பிடிச்சவன். போய் இறங்கின அன்னைக்கே கஃபீல், அதாவது விசா குடுத்து வேலைக்கு எடுத்த முதலாளி, பாஸ்போர்ட்ட வாங்கி ஒரு இரும்பு அலமாரில போட்டு பூட்டினாரு, பச்சை பெயின்ட் அடிச்ச அலமாரி, கதவு கீழ துரு பிடிச்சு இருக்கும், இப்பவும் கண்ணுல நிக்குது. முதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வெக்க அந்த நாட்டு சட்டத்துலயே அனுமதி கிடையாதுன்னு ஊருக்கு வந்த பொறவுதான் எனக்கு தெரியும். எங்க அம்மா மரிச்சப்போ எக்ஸிட் ரீஎன்ட்ரி, அதாவது ஊருக்கு போய் திரும்பி வர்ற அனுமதி, அடிச்சு கிடைக்க 12 நாள் ஆச்சு. நான் வந்து சேரும்போ கல்லறைல மண்ணு காஞ்சு கிடந்துச்சு.

லேவியர்ல அந்நியன ஒடுக்காதன்னு சொல்லிட்டு அதுக்கு காரணமும் சொல்லியிருக்கு, நீங்களும் எகிப்துல அந்நியரா இருந்தீங்கன்னு. குமரி கடற்கரைக்காரனுக்கு அந்த எகிப்து எங்கயோ இல்ல, கத்தீஃப்ல இருக்கு, பஹ்ரைன்ல இருக்கு. கொரோனா நேரம் ஈரான்ல மாட்டிக்கிட்ட நம்ம மீனவங்கள ஊர்ல யாரும் மறக்கல, 2020 ஜூலை 1-ம் தேதி ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ்ல இருந்து 687 பேர தூத்துக்குடில கொண்டு இறக்கினப்போதான் எங்க தெருவுல சில வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு.

இது ஒரு பக்கம். மறுபக்கம் நம்ம பெருமாள்புரம் இலங்கைத் தமிழ் அகதிங்க முகாம். மகளுக்க கூட்டுக்காரி ஒருத்தி அங்க இருக்கா, ரெண்டு பேரும் ஒண்ணாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சு. பிறந்தது நாகர்கோவில்ல, பேசுறது நம்ம பேச்சு. ஆனா 2004 டிசம்பர் 3-க்கு பொறவு பிறந்ததால இந்தியக் குடியுரிமைக்கு இங்க பிறந்தது மட்டும் போதாது, அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும், இல்லன்னா ஒருத்தர் இந்தியரா இருந்து மத்தவரு சட்டவிரோதமா வந்தவரா இருக்க கூடாதாம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம்னு மூணு நாடு உண்டு, இலங்கை இல்ல. 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட் குடுக்க சொல்லி 2022-ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டு, 2024 தேர்தல்ல அவங்க ஓட்டும் போட்டாங்க, அது 1987 ஜூலைக்கு முன்ன பிறந்ததால, அப்போ இங்க பிறந்தாலே போதும். கூட்டுக்காரிக்கு அந்த வழியும் அடைஞ்சு போச்சு.

ஒரு நாட்டுக்கு எல்லைய காக்க உரிமை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம கடல்ல அடுத்தவனுக்க படகு வந்து வலை போட்டா நாங்களே சும்மா விட மாட்டோம். கத்தோலிக்க மறைக்கல்விலயும் ரெண்டும் சேர்த்துதான் சொல்லியிருக்கு, வசதியான நாடு முடிஞ்ச மட்டும் அந்நியர ஏத்துக்கணும், வந்தவங்களும் அந்த நாட்டு சட்டத்த மதிக்கணும்னு. ஆனா ஒண்ணாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சுல இருந்த பிள்ளைய எந்த எல்லைக்கு அந்தப் பக்கம் நிறுத்தப் போறோம்? இததான் எழுத சொன்னேன், வசனத்த அடுக்கி வெச்சா யாருக்கும் மனசுல தங்காது.

இப்போ எனக்க வேண்டுகோள். அந்தப் போட்டிக்கு இங்கிலீஷ்ல மட்டும்தான் எழுதணும், சட்டம் படிக்கவங்க மட்டும்தான் எழுதலாம். நம்ம மாவட்டத்துல மறைமாவட்டமும் சிஎஸ்ஐ சேகரங்களும் ஜமாஅத்துகளும் அய்யாவழி தாங்கல்களும் சேர்ந்து இதே தலைப்புல தமிழ்ல ஒரு போட்டி வெக்கக் கூடாதா? மக்காவுல இருந்து மதீனாவுக்கு வந்தவங்களுக்கு அங்க உள்ளவங்க வீட்டையே பங்கு வெச்ச கதை நம்ம ஜமாஅத் பிள்ளைங்களுக்கு தெரியும், அவங்களும் எழுதட்டும். வளைகுடா போய் வந்தவனும் எழுதட்டும், முகாம் பிள்ளைங்களும் எழுதட்டும். கத்தோலிக்க சபைல வழக்கமா செப்டம்பர் கடைசி ஞாயிறு புலம்பெயர்ந்தோர், அகதிகள் நாள், அதுக்கு முன்ன அறிவிச்சா நல்லா இருக்கும். நல்ல கட்டுரைய உங்க பேப்பர்லயும் போடணும்.

மக முதல் பக்கத்த மாத்தி எழுதிட்டா, இப்போ அந்த பச்சை அலமாரில இருந்துதான் தொடங்குது. கூட்டுக்காரியும் எழுதியிருக்கா, தமிழ்ல எட்டு பக்கம், எங்க வீட்டுலதான் இருக்கு. நீங்க கேட்டா நானே ஆபீஸுக்கு கொண்டு வந்து தாறேன்.

இப்படிக்கு,
ஒரு மீனவத் தகப்பன்,
குளச்சல்.